துத்தம் தொட்ட கத்தி

மாரிக்கண்ணனுக்கு ஊரில் ஒருவர் மேலும் பொறாமை கிடையாது. திருச்சுழியில் அவருடைய உரக்கடைக்கு எதிரிலேயே ஒருவன் பெரிய உரக்கடை திறந்தான். முதல் ஆளாகப் போய் மாலை போட்டுவிட்டு, லட்டும் தின்றுவிட்டு வந்தார். கூடப் படித்த ராமசுப்பு மூன்று மாடி கட்டினான். பால் காய்ச்சின அன்றைக்குப் பந்தி விசாரித்ததே இவர்தான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, சகலை உதயகுமார் புதுச் செருப்பு வாங்கினான் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மனைவியின் தங்கை புருஷன் செருப்பு வாங்கினால் உமக்கென்ன ஐயா என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. பாலவனத்தத்தில் மல்லியும் வற்றலும் வாங்கி விற்கிற சின்னச்சாமிக்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. மூத்தவள் தங்கச்செல்வியை மாரிக்கண்ணன் கட்டி, ஏழு வருஷம் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருந்தார். ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி அவருக்கு. காப்பி இறக்கினால் முதல் டம்ளர் அவருக்கு. மாமியார் மாயக்காள், "பெரிய மாப்பிள்ளைக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் சொந்தப் புருஷனுக்கே ஊற்றுவாள். அப்புறம் இளையவள் சுகப்பிரியாவுக்குக் கல்யாணம் ஆனது. பரளச்சிப் பக்கம் பொட்டல் காட்டையெல்லாம் சோலார் கம்பெனிக்குக் குத்தகை பேசிக் கொடுக்கிற உதயகுமார் வந்து சேர்ந்தான். நாற்காலி போயிற்று. முதல் டம்ளரும் போயிற்று. ஏன் என்று முகத்தைச் சுழித்தால், "நீங்க நம்ம வீட்டு ஆளுல்ல மாப்பிள்ளை" என்றாள் மாயக்காள். வீட்டு ஆளுக்கு இரண்டாவது டம்ளர் போதுமாம்! பதினோரு வருஷமாக மாரிக்கண்ணன் அந்த இரண்டாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இருந்தவர் இல்லை. உதயகுமார் கார் வாங்கினான். "மெட்ராஸ் வெள்ளத்துல முங்குன வண்டி, ஆறு மாசம் ஓடாது" என்றார். ஆறு வருஷமாக ஓடுகிறது. மாமனார் வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் வாங்கி மாட்டினான். "அந்தத் தண்ணியக் குடிச்சா எலும்பு கரைஞ்சு போகும்" என்றார். யாருக்கும் கரையவில்லை. மாமனாரின் முழங்கால் வலிக்குக் கரண்டில் ஓடும் பெல்ட் ஒன்று கொண்டுவந்தான். "ஷாக் அடிச்சு ஆளு போயிருவாக" என்றார். சின்னச்சாமி அதைக் கட்டிக்கொண்டுதான் தினமும் டீக்கடை வரைக்கும் நடந்து போய் வருகிறார். இதெல்லாம் சேர்ந்து, பெரிய மாப்பிள்ளை சொன்னால் காதில் வாங்க வேண்டாம் என்பது அந்த வீட்டில் சட்டமாகவே ஆகிவிட்டது.

இந்த வருஷம் சின்னச்சாமிக்கு ஒன்றும் சரியில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஒரு லோடு வற்றல் மழையில் நனைந்தது. மல்லாங்கிணறு ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, சனி அமுக்குகிறான், நீலக்கல் மோதிரம் போட்டால் விடுவான் என்று சொல்லிவிட்டார். மாரிக்கண்ணனும் அருப்புக்கோட்டையில் இரண்டு நகைக்கடையில் விசாரித்தார். விலையைக் கேட்டுவிட்டு, யோசித்து வாங்குவோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் உதயகுமார் கம்பெனி வேலையாக ஜெய்ப்பூர் போய், கல்லோடு வந்து இறங்கிவிட்டான்.

"சனிக்கிழமை மத்தியானம் சனி ஓரையில கல்லைப் பாலுல போட்டுப் பாக்குறோம். நெசமான கல்லுன்னா பால் நீலமாகுமாம். ரெண்டு பேரும் வந்துருங்க" என்று போனில் சொன்னாள் மாயக்காள். "சின்ன மாப்பிள்ளை அம்புட்டுத் தூரத்துல இருந்து கொண்டாந்திருக்காக" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

சனிக்கிழமை பத்தரைக்கெல்லாம் மாரிக்கண்ணனும் தங்கச்செல்வியும் பஸ் ஏறிப் பாலவனத்தம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் அந்தக் கார் நின்றது. மாரிக்கண்ணன் அதைப் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"வாங்கண்ணே, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று உதயகுமார் எழுந்து வந்து கையைப் பிடித்தான். இதுதான் மாரிக்கண்ணனுக்கு ஆகவே ஆகாது. கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவன் நல்லவன். ஃபேனுக்குக் கீழே கிடந்த நாற்காலியைக்கூட அவரிடம் தள்ளினான். "அட, நீங்க உக்காருங்க சின்ன மாப்பிள்ளை, வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீக" என்று மாமியார் அவனையே அமுக்கி உட்காரவைத்தாள். வெயிலில் பஸ் ஏறி வந்தது யார், ஏசி காரில் வந்தது யார் என்று கேட்க மாரிக்கண்ணனுக்கு நாக்கு வரை வந்தது.

உதயகுமார் கல்லைக் காட்டினான். பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது. பட்டை பட்டையாக, ஓரமெல்லாம் கூராக, உள்ளே வெளிச்சம் போய் வருகிற நீலம். சின்னச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுகப்பிரியா, "இன்னும் பட்டை தீட்டலையாம்ப்பா, தீட்டுனா இன்னும் ஜொலிக்குமாம்" என்றாள். மாரிக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், அப்படியே எரிந்தது. இவ்வளவு அழகான பொருளை ஏன் தன் கை கொண்டுவரவில்லை என்று இருந்தது.

எரிச்சலோடு உற்றுப் பார்த்தவருக்குக் கல்லின் ஒரு ஓரத்தில் மாவு பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அந்த வெள்ளையை அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். அவர் கடையில், செடிக்கு மருந்தாக அடிக்கிற மயில்துத்தம் மூட்டை வாயைத் திறந்து போட்டுவிட்டால் சித்திரை வெயிலில் மேலாக இப்படித்தான் வெளுக்கும். தண்ணீர் பட்டால் மறுபடியும் நீலமாகிவிடும். அந்த நீலமும் இந்த நீலமும் ஒன்றுதான். அவருடைய மூட்டையில் இருப்பது பொடிக் கற்கண்டு மாதிரி, இது எவனோ எங்கேயோ வெட்டி எடுத்த பெரிய கட்டி. அதுதான் வித்தியாசம்.

இருக்காது என்றும் பட்டது, இருக்கட்டும் சாமி என்றும் வேண்டிக்கொண்டார்.

பன்னிரண்டரை மணிக்கு வாய்ப்பு வந்தது. பெண்கள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். உதயகுமார் மாமனாருக்குப் போனில் பேங்க் ஆப்பை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சாமி அறையில் வெற்றிலை மேல் கல் தனியாக இருந்தது. மாரிக்கண்ணன் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழம் நறுக்குகிற பழைய இரும்புக் கத்தியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லில் குந்தி, ஒரு மூலையைச் சுரண்டினார். பொட்டென்று ஒரு சில்லு உடைந்தது. கத்தியின் அலகில் அந்தச் சில்லை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

இது அவருடைய கடையில் தினமும் நடக்கிற சோதனை. எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் அடிக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலக்குகிற சம்சாரிகளுக்கு, "கத்தியை முக்கிப் பாருங்க, அலகு செவந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலை, செடி கருகிரும்" என்று அவர்தான் செய்து காட்டுவார். இரும்பைக் கண்டால் துத்தத்தில் இருக்கிற செம்பு வெளியே வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கல்லாவில் உட்காரும் தங்கச்செல்வி இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

இருபது எண்ணுவதற்குள் அலகில் செம்புப் பொட்டு விழுந்துவிட்டது.

"அடி சக்கை!" என்றார் மாரிக்கண்ணன், வாய்விட்டே. நீலமாவது கீலமாவது! எண்பது ரூபாய்த் துத்தத்தை எவனோ பட்டுத் துணியில் வைத்து இவன் தலையில் கட்டியிருக்கிறான். மனுஷனுக்குப் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் எழுந்தார். நாலு எட்டு வைத்ததும் யோசனை வந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? "நல்லவேளைண்ணே, என்னைக் காப்பாத்துனீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வான். அடுத்த வாரம் நிஜக் கல்லையே கொண்டுவந்துவிடுவான். மாமியார், "ஏமாந்தாலும் அவுக மனசு தங்கம்" என்பாள். அவனுக்கு ஒரு சேதாரமும் இல்லை. சொல்லாமல் விட்டால்? துத்தம் பாலில் கரையும். எல்லார் கண் முன்னாலும் கரையும். ஒரு மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்குக் கல் எங்கே என்று தேட வேண்டும். "எங்க மாப்பிள்ளை கல்லு?" என்று மாமனார் கேட்கிற கேள்வியையும், உதயகுமாரின் முகத்தையும் நினைத்துப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை.

கத்தியை வேட்டியில் துடைத்தார். செம்பு துடைத்தால் போகாது என்று தெரியும். எலுமிச்சங்கத்தியை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, கல்லை வெற்றிலைமேல் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

பால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. சாமி முன்னால் வைத்த பாலை மாயக்காள் ஒரு நாளும் கீழே ஊற்றியதில்லை. வெள்ளிக்கிழமைப் பாலை அந்த வீட்டில் அவரே எத்தனையோ தடவை வாங்கிக் குடித்திருக்கிறார். சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு மணி அடித்தது. வெள்ளிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான பால், விளக்கு, சாம்பிராணி. உதயகுமார் கல்லை எடுத்தான். அவன் கட்டைவிரல் உடைந்த மூலையில் ஒரு நிமிஷம் நின்றது. திருப்பிப் பார்த்தான். மாரிக்கண்ணன் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். பிறகு அவன் கல்லைப் பாலில் விட்டான்.

கொஞ்ச நேரத்திலேயே கல்லைச் சுற்றி நீலம் கசிந்தது. "ஆத்தாடி! நீலமாகுது பாருங்க!" என்று சுகப்பிரியா கத்தினாள். மாயக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சின்னச்சாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உதயகுமாரின் தோளில் கையைப் போட்டு, "எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லைங்கிற குறையே இல்லைய்யா" என்றார்.

அந்த வார்த்தை மாரிக்கண்ணனை அப்படியே குத்தியது. பதினெட்டு வருஷத்தில் மாமனார் அவரிடம் அதைச் சொன்னதில்லை. இருக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அடிக்கடி எழுந்து போய்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். கல்லின் கூரெல்லாம் மழுங்கிக்கொண்டு வந்தது. கரை, சீக்கிரம் கரை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மாயக்காள் கரண்டியால் கல்லை வெளியே எடுத்தாள். முழுதாகக் கரைந்துவிடவில்லை. நெல்லிக்காயாகப் போனது சுண்டைக்காயாக வந்திருந்தது. பால் ஓரத்தில் லேசாகத் திரிந்து நீலமாக நின்றது. மாரிக்கண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"என்னத்தே, கல்லு இப்படி எளைச்சுப் போச்சு?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

மாயக்காள் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "எளைக்காம என்ன செய்யும்? இவுக பீடை அம்புட்டையும் இழுத்துக்கிட்டுல்ல வந்திருக்கு! ஏழரை வருசச் சனியை ஒரு மணி நேரத்துல வாங்குன கல்லு!"

"அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள் சுகப்பிரியா. சின்னச்சாமி கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாரிக்கண்ணன் கிண்ணத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன அநியாயம்! கரைந்தாலும் அவன் பேரில் வரவு, கரையாவிட்டாலும் அவன் பேரில் வரவு. இனி எதைச் சொல்லி இவர்களுக்கு விளங்கவைப்பது என்று அவர் திணறிக்கொண்டிருந்தபோது, மாயக்காள் அந்தப் பாலை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, முதல்ல சின்ன மாப்பிள்ளை. கொண்டாந்தது அவுகதான? அடுத்து இவுக" என்று முதல் டம்ளரை உதயகுமாரிடமும் இரண்டாவதைச் சின்னச்சாமியிடமும் நீட்டினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நொடியில் மாரிக்கண்ணனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. முதல் டம்ளர் இன்றைக்கும் அவனுக்குத்தான் என்ற எரிச்சல்தான் வந்தது. அதற்கு அப்புறம்தான் டம்ளரில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"குடிக்காதீக! மாமா, கீழ வைங்க! தம்பி, வேணாம்! அது நீலம் இல்ல, மயில்துத்தம்! வெசம்!"

வீடே திரும்பிப் பார்த்தது. பிறகு சுகப்பிரியா, "ஆரம்பிச்சுட்டாகளா?" என்றாள். "கார் வாங்குனா முங்குன வண்டி, தண்ணி மெஷின் வாங்குனா எலும்பு கரையும், இப்ப வெசம்! உங்களுக்கு ஏன் மச்சான் இம்புட்டு வயித்தெரிச்சல்?"

"சத்தியமாச் சொல்றேன் தாயி! நான் விக்கிற சரக்கு எனக்குத் தெரியாதா? தங்கச்செல்வி, அந்த எலுமிச்சங்கத்தியை எடுத்தா! முக்கிக் காட்டுறேன், செம்பு ஏறும்!"

தங்கச்செல்வி அடுப்படிக்கு ஓடினாள். மாமனார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நல்ல நேரத்துல அபசகுனமாப் பேசாதீக" என்றார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்த்து உதயகுமார் சிரித்தான். சண்டையைத் தணிக்கிற சிரிப்புதான், அவனுக்கு வேறு சிரிப்பு தெரியாது.

"விடுங்க மாமா, அண்ணன் எம்மேல அக்கறையிலதான் சொல்றாரு. வெசம்னா எனக்கு முதல்ல ஆகட்டும், நீங்க அப்புறம் குடிங்க" என்று சொல்லி, மாரிக்கண்ணன் பாய்ந்து வருவதற்குள் மடக்கென்று ஒரு வாய் விழுங்கிவிட்டான்.

அவன் முகம் கோணிக்கொண்டது. "என்னண்ணே, செம்புக்காசை நக்குன மாதிரி..." என்றான். மாரிக்கண்ணன் டம்ளரைத் தட்டிவிட்டார். மாமனாரின் கையில் இருந்ததையும் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உதயகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் குனிந்தான். நீலமும் பச்சையுமாக வாந்தி வந்தது. சுகப்பிரியா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். தங்கச்செல்வி அடுப்படி வாசலில் நின்றாள். கையில் கத்தி இல்லை. முந்தானையைச் சுருட்டி இடுப்போடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கார் சாவி எங்க?" என்றார் மாரிக்கண்ணன்.

கடை லோடு வண்டி ஓட்டிப் பழகிய கை. அருப்புக்கோட்டை ரோட்டில் பறந்தார். பின்னால் சுகப்பிரியா வாளியைப் பிடித்துக்கொண்டு அழ, உதயகுமார் அதில் கக்கிக்கொண்டே வந்தான். "சாமி, இவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, ஒண்ணும் ஆகக் கூடாது" என்று மாரிக்கண்ணன் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்திலும், வண்டி மேட்டில் ஏறும்போது ஒரு குலுக்கல் இல்லையே, எவ்வளவு சொகுசாகப் போகிறது என்று மனசின் ஒரு மூலை நினைத்தது. அதற்காக அவர் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணே, நீங்க சொன்னதைக் கேக்காமப் போயிட்டேனே" என்றான் உதயகுமார், வாளியிலிருந்து தலையைத் தூக்கி.

ஒரு வாயோடு நின்றது நல்லதாயிற்று, பாலோடு போனதும் நல்லதாயிற்று, சிறுநீரகத்தைப் பார்க்க இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். இரண்டு நாளும் மாரிக்கண்ணன் ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு நகரவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தார், மருந்துச் சீட்டோடு ஓடினார், கால் அமுக்கிவிடக்கூடப் போனார். சுகப்பிரியா அவர் கையைப் பிடித்து, "மச்சான், அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்று அழுதாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பாலவனத்தம் வீட்டுக்குத் திரும்பினார்கள். சின்னச்சாமி ஃபேனுக்குக் கீழே கிடந்த நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்து, "இதுல உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் மாரிக்கண்ணனிடம். "நீங்க மட்டும் இல்லேன்னா எங்க ரெண்டு பேரு கதையும் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

மாயக்காள் காப்பி கொண்டுவந்தாள். முதல் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "முதல்ல பெரிய மாப்பிள்ளை குடிங்க" என்றாள்.

பதினோரு வருஷமாக ஏங்கிய டம்ளர். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கல்லைப் பாத்தவுடனே தெரிஞ்சுதா, இல்லே பால் நீலமான பெறகா?" என்று மாமனார் கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார், நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட.

மாரிக்கண்ணன் நிமிர்ந்தார். அடுப்படி நிலைப்படியில் தங்கச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையைத் தாண்டிச் சுவரைப் பார்த்து, "டம்ளர்ல ஊத்தும்போதுதான் மாமா... அந்த நிறம்... சட்டுனு பொறி தட்டுச்சு" என்றார்.

உதயகுமார் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். காப்பியை மாரிக்கண்ணன் குடித்தார். அது கசந்ததா இனித்ததா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

திருச்சுழி வரும்வரை தங்கச்செல்வி பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் கடை திறந்ததும், பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்துக் கல்லாமேல் வைத்தாள். பாலவனத்தம் வீட்டு எலுமிச்சங்கத்தி. அலகின் நடுவே செம்புப் பொட்டு அப்படியே இருந்தது.

"நீங்க கத்தியை எடுத்துட்டு வான்னு சத்தம் போட்டப்ப உள்ள ஓடுனேன். இது அப்பவே செவந்து கெடந்துச்சு. பால் போடுறதுக்கு முன்னால பாத்திருக்கீக. பாத்துட்டு வந்து ஒரு மணி நேரம் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கீக. எங்கப்பாவும் அதைக் குடிச்சிருப்பாக."

"இல்லடி, நான் கல்லு கரையட்டும்னுதான்... பாலைக் குடிப்பாகன்னு எனக்கு..."

"பதினெட்டு வருசமா எங்க வீட்டுப் பாலைக் குடிக்கிறீக."

வாசலில் ஒரு சம்சாரி வந்து நின்று இரண்டு கிலோ துத்தம் கேட்டார். தங்கச்செல்வியே எழுந்து போட்டுக் கொடுத்தாள். வந்தவர் போனதும் தன் போனில் உதயகுமாரின் எண்ணை அமுக்கி, அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

மணி போய்க்கொண்டிருந்தது. மாரிக்கண்ணன் போனை வாங்கினார். அந்தப் பக்கம் "சொல்லுங்க மதினி" என்று குரல் வந்தது.

"நான்தான் தம்பி" என்றார். "உடம்பு எப்படி இருக்கு?"

"தேவலைண்ணே. மோர்சாதம் இறங்குது."

"தம்பி... ஒரு விசயம். எனக்கு அன்னைக்குப் பன்னெண்டரைக்கே தெரியும்யா. கொல்லையில வச்சுச் சுரண்டிப் பாத்துட்டேன். சொல்லியிருக்கணும். நீ எல்லாரு முன்னாடியும் அசிங்கப்படணும்னு... வாயைத் திறக்காம இருந்துட்டேன்." கண்ணை இறுக மூடிக்கொண்டார். வரட்டும், எந்த வசவு வேண்டுமானாலும் வரட்டும் என்று காத்திருந்தார்.

"தெரியும்ணே" என்றான் உதயகுமார்.

"என்னது?"

"பாலுல விடும்போதே மூலை ஒடைஞ்சிருந்துச்சு. ஜெய்ப்பூர்ல முழுசா இருந்த கல்லு. அப்ப ஒண்ணும் ஓடலை. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சப்பதான் வெளங்குச்சு. ரெண்டு நாளும் நீங்க பெஞ்சுல உக்காந்து முழிச்ச முழியும் சொல்லுச்சு. அதை விடுங்கண்ணே. நான் யாருகிட்டயும் சொல்லலை, சுகப்பிரியாகிட்டக்கூட. மாமா இப்பத்தான் உங்களைப் பத்தி ஊரெல்லாம் பெருமையாப் பேசிக்கிட்டு இருக்காக. அது அப்படியே இருக்கட்டும். பொங்கலுக்கு வாங்க."

போன் வைத்துவிட்டான்.

மாரிக்கண்ணன் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தங்கச்செல்வி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனுசன்" என்றாள். அவரைச் சொல்லவில்லை. அந்தக் குரலில் அவள் அவரைப் பற்றிப் பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

வெட்கமாக இருந்தது அவருக்கு. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் வயிற்றில் பழைய இடத்திலேயே சுருக்கென்று எரிந்தது. இவர் வாயைத் திறந்து கேட்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவன் மன்னித்து வைத்துவிட்டானே! அதிலும் பயல் முந்திக்கொண்டான்.

"மோர் இருக்கா?" என்று கேட்டார் மனைவியிடம். "வயித்தை என்னமோ பண்ணுது."

அவள் கத்தியை எடுத்துத் துத்த மூட்டைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள்.